இரட்சிக்கப்பட்ட தேதி – ஜான் நியூட்டனின் நாற்பது வருடங்கள்

போன மே மாதம் எங்கள் சபை வாலிபர் முகாமுக்குப் போயிருந்தேன். மூன்று நாள். சாப்பாடு அருமை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் :-)

இரண்டாம் நாள் ராத்திரி சாட்சி நேரம். ஒவ்வொருவராக எழுந்து தாங்கள் எப்போது, எப்படி இரட்சிக்கப்பட்டோம் என்று சொன்னார்கள். ஒருவர் தேதி, கிழமை, மணி எல்லாம் சொன்னார். என் முறை வந்தது. "தம்பி, நீங்க எந்த வருஷம் இரட்சிக்கப்பட்டீங்க?" என்று முகாம் நடத்திய அண்ணன் கேட்டார். என்னிடம் தேதி இல்லை. ஞாயிறு பள்ளிக்குப் போனேன், திடப்படுத்தல் எடுத்தேன், நடுவில் இரண்டு வருஷம் கோயில் பக்கமே போகவில்லை, அப்புறம் மறுபடி போக ஆரம்பித்தேன்... என்று இழுத்தேன். "ஜெபம் பண்ணுங்க தம்பி, ஆண்டவர் தருவார்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார்.

மறுநாள் காலை செய்தியில் அதே அண்ணன் ஜான் நியூட்டன் கதையைச் சொன்னார். உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். அடிமைக் கப்பல் கேப்டன். நடுக்கடலில் புயல். "ஆண்டவரே இரங்கும்" என்று கதறினார். அன்றே மனந்திரும்பினார், அடிமை வணிகத்தை விட்டார், போதகரானார், 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதினார். ஒரே ராத்திரியில் எல்லாம் முடிந்தது.

கேட்க நன்றாக இருந்தது. எனக்குத்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். படித்தால், கதையில் முக்கால்வாசி தேதிகள் இடம் மாறியிருக்கின்றன. சரியான தேதிகளைப் போட்டுப் பார்த்தால் கிடைப்பது வேறு கதை. என்னைப் போலத் தேதி இல்லாதவர்களுக்கு ஆறுதலும் தருகிறது, கூடவே பயமும் காட்டுகிறது. அதனால்தான் இந்தப் பதிவு.

புயலுக்கு முன்னால்

ஜான் நியூட்டன் 1725-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா கப்பல் கேப்டன். அம்மா பக்தியுள்ளவர், சின்ன வயதிலேயே பையனுக்கு வேதமும் ஞானப்பாட்டும் சொல்லிக்கொடுத்தார். ஆனால் நியூட்டனுக்கு ஏழு வயது நிறைவதற்குள் அம்மா இறந்துவிட்டார். 11 வயதில் பையன் கடலுக்குப் போய்விட்டான்.

1744-ல் கடற்படைக்காரர்கள் அவரைக் கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள் (அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் அது சட்டப்படியே நடந்தது). தப்பி ஓடினார், பிடிபட்டார், சாட்டையடி வாங்கினார். 1745-ல் ஒரு அடிமைக் கப்பலுக்கு மாற்றப்பட்டு மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குப் போனார். இன்றைய சியரா லியோன் கரையை ஒட்டிய தீவுகளில் ஒரு வெள்ளைக்கார அடிமை வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே காய்ச்சலிலும் பட்டினியிலும் கிடந்தார். அந்த வியாபாரியும் அவரோடு வாழ்ந்த ஆப்பிரிக்கப் பெண்ணும் இவரை நாயை விடக் கேவலமாக நடத்தினார்கள்.

அப்போது சங்கிலியில் கட்டிக் கிடந்த அடிமைகள், தங்களுக்குக் கிடைத்த கொஞ்சம் சாப்பாட்டிலேயே ஒரு பங்கை ஒளித்துக் கொண்டுவந்து இவருக்குக் கொடுத்தார்கள். இதை நியூட்டனே பிற்பாடு எழுதியிருக்கிறார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

புயல்

அப்பா கேட்டுக்கொண்டதால் 'கிரேஹவுண்ட்' என்ற கப்பல் 1747-ல் அவரை அங்கிருந்து ஏற்றிக்கொண்டது. அது அடிமைக் கப்பல் இல்லை. தங்கம், யானைத் தந்தம், தேன்மெழுகு, சாயமரம் வாங்கும் கப்பல். நியூட்டன் அதில் கேப்டனும் இல்லை, வெறும் பயணி மாதிரிதான்.

1748 மார்ச் 10. (அன்றைய பழைய நாட்காட்டிப்படி. பிரிட்டன் 1752-ல் நாட்காட்டியை மாற்றிய பிறகு அது மார்ச் 21 ஆனது.) இரவில் அலை அடித்து அறைக்குள் தண்ணீர் புகுந்தது. மேலே ஏறப் போனவரைக் கேப்டன் ஒரு கத்தி எடுத்துவரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அவருக்குப் பதில் ஏறிய ஆளை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. விடிய விடிய தண்ணீர் இறைத்தார்கள். சரக்கில் மெழுகும் மரமும் இருந்ததால் கப்பல் மூழ்காமல் மிதந்தது. வருடக்கணக்காகக் கடவுளைக் கேலி பேசிவந்த வாயில் முதல் தடவையாக 'கர்த்தர் இரங்கட்டும்' என்ற வார்த்தை வந்தது அந்த நாளில்தான். நாலு வாரம் தத்தளித்து ஏப்ரல் 8-ல் அயர்லாந்துக் கரை சேர்ந்தார்கள்.

அப்போது அவருக்கு வயது 22. நம் வயதுதான் மக்களே.

நியூட்டன் அந்தத் தேதியைச் சாகும்வரை மறக்கவில்லை. ஒவ்வொரு மார்ச் 21-ஐயும் ஜெபத்தோடு அனுசரித்தார். நாட்குறிப்பில் அவருடைய கடைசிப் பதிவே 1805 மார்ச் 21-தான். ஆக, அவரிடம் தேதி இருந்தது. முகாம் அண்ணன் அந்த வரையில் சரி.

ஆனால் அந்த நாளில் தான் முழு அர்த்தத்தில் விசுவாசி ஆகிவிட்டதாகச் சொல்ல முடியாது, அதற்கு வெகு காலம் ஆனது என்று 1764-ல் வெளியான தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். இந்த வரியை யாரும் சாட்சிக் கூட்டத்தில் சொல்வதில்லை.

புயலுக்குப் பின்னால்

தேதிகளை வரிசையாகப் போடுகிறேன்.

1748 முடிவதற்குள் அவர் மறுபடி கடலில். லிவர்பூல் முதலாளி ஜோசப் மனஸ்டியின் அடிமைக் கப்பலில் துணை அதிகாரி வேலை. புயலில் செய்த பொருத்தனையெல்லாம் சில மாதங்களிலேயே கரைந்துபோனது. கெட்ட வார்த்தை பேசுவதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பழையபடி ஆகிவிட்டேன் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். அதே சியரா லியோன் தீவில் கடும் காய்ச்சல் வந்து, மெல்ல நடந்து ஒதுக்குப்புறமாகப் போய் மறுபடி ஒருமுறை ஜெபம் பண்ணினார்.

1750-ல் கல்யாணம். 17 வயதிலிருந்தே அவர் காதலித்த மேரி கேட்லெட்தான் பெண். அதே வருடம் அடிமைக் கப்பலுக்குக் கேப்டன் ஆனார். ஆம், புயலுக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் கேப்டனே ஆகிறார்! 1750-லிருந்து 1754 வரை மூன்று பயணம். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். ஓய்வு நேரத்தில் லத்தீன் படித்தார், மனைவிக்கு உருகி உருகிக் கடிதம் எழுதினார். கீழே கப்பலின் வயிற்றில் மனிதர்கள் விலங்கு பூட்டிக் கிடந்தார்கள்.

1752 டிசம்பரில், கலகம் செய்யத் திட்டமிட்டார்கள் என்ற சந்தேகத்தில் சில சிறுவர்களைக் கட்டைவிரலை நெரிக்கும் கருவியில் மாட்டி உண்மையைக் கக்கவைத்ததாகத் தன் கப்பல் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். அதை எழுதியவர் வேதம் வாசித்து ஜெபிக்கும் மனிதர். நடிப்பும் இல்லை, அந்த ஜெபம் உண்மையானதுதான். எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்த இடம் இதுதான்.

அந்தக் குறிப்பேடுகள் 1962-ல் புத்தகமாக அச்சாகின. பி.காம் படிக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அது ஒரு ஒழுங்கான வியாபாரக் கணக்கு. எந்தத் தேதியில் எத்தனை பேர் வாங்கினார்கள், என்ன விலை (அந்தக் கரையில் விலையை இரும்புக் கம்பிகளின் எண்ணிக்கையில்தான் பேசுவார்கள்), யார் இறந்தார்கள் எல்லாம் இருக்கிறது. இறந்தவர்களுக்குப் பெயர் இல்லை, எண் மட்டும்தான். நாங்கள் வகுப்பில் 'ஸ்டாக் ரிஜிஸ்டர்' எழுதுகிற மாதிரியே இருக்கிறது. சேதமான சரக்கைக் கழித்து எழுதுவோமே, அதே மாதிரி.

மூன்றாவது பயணத்தில் வழக்கத்தைவிடக் குறைவான அடிமைகள். ஒருவர்கூட வழியில் சாகவில்லை. அதற்காக நியூட்டன் கடவுளுக்கு நன்றி சொன்னார். அந்த மனிதர்களைக் கொண்டுபோய் மேற்கிந்தியத் தீவுகளில் விற்றுவிட்டுத்தான் நன்றி சொன்னார்.

1754-ல் செயின்ட் கிட்ஸ் தீவில் அலெக்சாண்டர் க்ளூனி என்ற இன்னொரு கேப்டனைச் சந்தித்தார். க்ளூனி அடிமை வியாபாரி இல்லை, ஆனால் ஆழமான விசுவாசி. இரவு இரவாகப் பேசினார்கள். கிருபை என்றால் என்னவென்று தனக்குப் புரிந்தது அப்போதுதான் என்று நியூட்டன் சொல்கிறார். அப்போதாவது வேலையை விட்டாரா? இல்லை. அதே வருட இறுதியில் அடுத்த பயணத்துக்குத் தயாரானார். கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது திடீரென்று வலிப்பு மாதிரி வந்து விழுந்தார். அதனால்தான் கப்பலை விட்டார். உடம்புதான் அவரை நிறுத்தியது, மனசாட்சி இல்லை. அதற்குப் பிறகும் சில வருடங்கள் அடிமை வணிகத்தில் பணம் போட்டிருந்தார்.

அந்தத் தொழில் சரியா தப்பா என்ற சந்தேகமே அந்த வருடங்களில் தனக்கு வரவில்லை என்பதை 1764-ல் எழுதினார். கைவிலங்கும் சங்கிலியுமாக ஒரு சிறைக்காவலன் வேலை மாதிரி இருக்கிறதே என்று சங்கடம் மட்டும் இருந்ததாம். வேறு நல்ல வேலை கொடும் என்று ஜெபித்தாராம். தனக்காக ஜெபித்தார்.

மெதுவாக வளர்ந்த பயிர்

இந்த வருடங்களில் எதுவுமே மாறவில்லையா என்றால், நிறைய மாறியது. மாறிய வரிசைதான் கவனிக்க வேண்டியது.

முதலில் போனது கெட்ட வார்த்தை. பிறகு குடி, ஊதாரித்தனம். பிறகு தினசரி ஜெபம் வந்தது. 1755-லிருந்து லிவர்பூல் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டே கிரேக்கமும் எபிரேயமும் தானாகப் படித்தார். 1758-ல் குருப்பட்டம் கேட்டார், மறுத்துவிட்டார்கள். ஆறு வருடம் காத்திருந்து 1764-ல் ஓல்னி என்ற சிறிய ஊருக்குப் போதகரானார். லேஸ் பின்னும் ஏழைகள் நிறைந்த ஊர். வீடு வீடாகப் போனார். குழந்தைகளுக்குத் தனிக் கூட்டம் நடத்தினார். மனநோயால் தற்கொலை வரை போன கவிஞர் வில்லியம் கூப்பரைப் பல வருடம் பக்கத்திலேயே இருந்து தாங்கினார். இருவரும் சேர்ந்து எழுதிய 348 பாடல்கள் 1779-ல் 'ஓல்னி ஹிம்ஸ்' என்று வெளிவந்தன. 'அமேசிங் கிரேஸ்' அதில் ஒன்று. 1773 புத்தாண்டு நாள் பிரசங்கத்துக்காக எழுதியது. (நாம் பாடும் மெட்டு அவருடையது இல்லை. அமெரிக்காவில் 1835-ல்தான் அந்த மெட்டோடு இந்தப் பாட்டு சேர்ந்தது.) அந்தப் பாட்டு அடிமை வணிகத்துக்காக அழுத பாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். பாட்டில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அதே காலத்தில் ஒரு நண்பருக்கு மூன்று கடிதங்கள் எழுதினார். மாற்கு 4-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன உவமை இருக்கிறதே, விதைத்தவன் தூங்கி எழுந்திருக்க, நிலம் தானாக முதலில் முளையையும் பிறகு கதிரையும் பிறகு கதிரில் நிறைந்த தானியத்தையும் கொடுக்கும் என்பது, அதை வைத்து விசுவாசியின் வளர்ச்சியை மூன்று கட்டமாகப் பிரித்து விளக்குகிறார். முளைக் கட்டத்தில் சந்தோஷமும் பரபரப்பும் அதிகம். கதிர்க் கட்டத்தில் போராட்டம், தன் மனசு எவ்வளவு மோசம் என்று தெரியவருகிற காலம். தானியக் கட்டத்தில் தன்னைப் பற்றிய பெருமை குறைந்து, அடுத்தவர்மேல் இளக்கம் கூடுகிறது. கிறிஸ்தவ வாழ்க்கையின் படிப்படியான வளர்ச்சியைப் பற்றி நான் படித்ததில் நிதானமான எழுத்து இதுதான். முகாமுக்கு முன்னால் படித்திருந்தால் அண்ணனுக்கு ஒரு பதில் சொல்லியிருப்பேன்.

ஆனால் ஒன்று. தானியம் முற்றுவது பற்றி அவ்வளவு அழகாக எழுதியபோது, அடிமை வணிகத்தை எதிர்த்து ஒரு வரிகூட அவர் வெளியிட்டிருக்கவில்லை.

காலம் அப்படி, யாருக்கும் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. 1761-லேயே லண்டன் குவேக்கர்கள் அடிமை வணிகம் செய்பவர்களைச் சபையை விட்டு நீக்குவதென்று முடிவு செய்தார்கள். 1774-ல் ஜான் வெஸ்லி அடிமைமுறையை எதிர்த்துச் சிறு புத்தகம் போட்டார். 1787-ல் ஒட்டோபா குகோவானோ என்ற ஆப்பிரிக்கர், தான் சிறுவயதில் கடத்தி விற்கப்பட்ட கதையோடு சேர்த்து அடிமைமுறையைக் கண்டித்து லண்டனிலேயே புத்தகம் வெளியிட்டார். அதே வருடம் மே 22-ல் அடிமை வணிக ஒழிப்புக் குழு அமைந்தது. அதன் 12 உறுப்பினர்களில் 9 பேர் குவேக்கர்கள்.

1788

1780-ல் நியூட்டன் லண்டனுக்கு மாறினார். செயின்ட் மேரி உல்நாத் ஆலயம். இருப்பது லம்பார்ட் தெருவில். வங்கித்துறை வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும், வங்கிக்காரர்களின் தெரு அது.

1785 டிசம்பரில் 26 வயது எம்.பி. ஒருவர் அவரைப் பார்க்க வந்தார். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்து, நியூட்டன் வீட்டுச் சதுக்கத்தை ஒன்றிரண்டு முறை சுற்றிவிட்டுத்தான் கதவைத் தட்டினார். அவர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். புதிதாக விசுவாசத்துக்குள் வந்திருந்தார், அரசியலை விட்டுவிடலாமா என்ற குழப்பம். நியூட்டன் விட வேண்டாம் என்றார். அந்த எம்.பி.தான் பிறகு நாடாளுமன்றத்தில் அடிமை வணிக எதிர்ப்பை 20 வருடம் இழுத்துக்கொண்டு போனவர்.

கடைசியில் 1788 ஜனவரியில் நியூட்டனே எழுதினார். ஆப்பிரிக்க அடிமை வணிகம் பற்றிய ஒரு சிறு வெளியீடு. அப்போது வயது 62. புயலுக்கு 40 வருடம் கழித்து. கப்பலை விட்டு 34 வருடம் கழித்து. தன்னுடைய இந்த ஒப்புதல் மிகவும் தாமதமானது என்று அதிலேயே சொல்கிறார். தானே செய்த தொழிலை நினைத்து இன்று நெஞ்சு நடுங்குகிறது என்கிறார். அலமாரியில் புத்தகங்களை அடுக்குவது மாதிரி மனிதர்களைக் கப்பலுக்குள் இரண்டு அடுக்காக நெருக்கிப் படுக்கவைத்ததை எழுதுகிறார். பெண்களை மாலுமிகள் என்ன செய்தார்கள் என்பதையும் மறைக்கவில்லை. ஒழிப்புக் குழு அதை மறுபடி அச்சிட்டுப் பரப்பியது. அதே வருடம் பிரிவி கவுன்சில் முன்பும், 1790-ல் நாடாளுமன்றக் குழு முன்பும் சாட்சி சொன்னார். கேப்டனாக இருந்த ஆளே வந்து சொல்லும்போது வியாபாரிகளால் 'இவருக்கு என்ன தெரியும்' என்று கேட்க முடியவில்லை.

1807 மார்ச் 25-ல் பிரிட்டிஷ் அடிமை வணிகத்தைத் தடை செய்யும் சட்டம் நிறைவேறியது. அதே வருடம் டிசம்பர் 21-ல், 82 வயதில் நியூட்டன் இறந்தார். தன் கல்லறை வாசகத்தை அவரே எழுதி வைத்திருந்தார். ஒரு காலத்தில் தான் அவிசுவாசி, ஒழுக்கம் கெட்டவன், ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு வேலைக்காரனாக இருந்தவன் என்று அதில் இருக்கிறது. அடிமைகளை விற்றவன் என்று இல்லை. எல்லாவற்றையும் வெளிப்படையாக ஒத்துக்கொண்ட மனிதருக்கும் அந்த ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது.

எனக்குப் பட்டது

இரண்டு விஷயம்.

ஒன்று, வளர்ச்சி மெதுவாகத்தான் வரும் என்பது உண்மை. புயல் அடித்த ராத்திரி ஒரு விதைதான் விழுந்தது. அண்ணன் சொன்ன கதையில் 40 வருடத்தை ஒரே ராத்திரியில் அடைத்துவிட்டார்கள். அதைக் கேட்டுவிட்டு என்னைப் போன்றவர்கள் 'நமக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லையே' என்று கூனிக் குறுகுகிறோம். தேவையில்லை.

இரண்டாவது, 'மெதுவாக வளர்கிறேன்' என்பது எனக்கு ஆறுதலாக இருக்கலாம், கப்பலின் வயிற்றில் கிடந்தவனுக்கு? நியூட்டன் முளைவிட்டுக்கொண்டிருந்த ஆறு வருடமும் மனிதர்கள் விற்கப்பட்டார்கள். பட்டினி கிடந்த இவருக்குச் சங்கிலியோடு வந்து சோறு கொடுத்தவர்களின் இனத்தையே இவர் வாங்கி விற்றார். அவர்கள் யாருக்கும் 1788 வரை காத்திருக்க நேரம் இல்லை.

வரிசையை மறுபடி பாருங்கள். வாய் முதலில் திருந்தியது. கடைசியாகத் திருந்தியது சம்பாத்தியம். அது தப்பென்று தெரிந்துகொள்ளத் தனியாக ஜெபித்தது போதவில்லை. வெளியே குவேக்கர்களும் குகோவானோவும் சத்தம் போட வேண்டியிருந்தது.

போன வருட விடுமுறையில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் இரண்டு மாதம் பகுதி நேர வேலை பார்த்தேன். ஒரு வாடிக்கையாளரின் கூலி வவுச்சர்களில், ஆட்களுக்குக் கொடுத்தது ஒரு தொகை, எழுதியது வேறு தொகை. எழுதியது நான்தான். நான்கு பேருக்குக் கையெழுத்தும் நானே போட்டேன், 'எல்லா இடத்துலயும் இப்படித்தான்' என்றார்கள். அந்த இரண்டு மாதமும் காலையில் வேதம் வாசித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஒருநாளும் எனக்கு அது உறுத்தவில்லை. நியூட்டன் குறிப்பேட்டைப் பற்றிப் படித்த அன்றுதான் உறுத்தியது. அந்த நான்கு பேரின் பெயர்களை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். இரண்டுதான் ஞாபகம் வந்தது.

இந்த விடுமுறைக்கும் அங்கே வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். வரவில்லை என்று சொல்லிவிட்டேன், ஏன் என்பதையும் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான் முடிந்தது. அந்த நான்கு பேருக்குக் குறைந்த பணம் குறைந்ததுதான்.

அடுத்த முகாமில் அண்ணன் மறுபடி கேட்டால், "தேதி தெரியலண்ணே, இன்னும் வளந்துகிட்டுதான் இருக்கேன்" என்று சொல்லலாமென்று இருக்கிறேன். எந்த இடத்தில் இன்னும் வளரவில்லை என்று கேட்டால் அந்த வவுச்சர் கதையைச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குத் தைரியம் வருமா என்று பார்ப்போம்.

உங்களிடம் தேதி இருக்கிறதா? இல்லையென்றாலும் வெட்கப்படாமல் எழுதுங்கள்.